கடல்மீன் தொட்டியில் வெள்ளைப்புள்ளி: மருந்தை எங்கே ஊற்றுவது?

ஹட்டனில் இருந்து ஒரு தம்பி விடியற்காலையிலேயே அழைத்தார். "டொக்டர், எறா எல்லாம் மல்லாந்து கெடக்குது. நத்தைங்களும் கண்ணாடியில இருந்து கழண்டு விழுந்திருச்சி. மீனுக்கு மட்டும் ஒன்னுமில்ல."

கோமாளி மீனின் உடம்பில் உப்புத் தூவியதுபோல் புள்ளிகளைக் கண்டதும், கடையில் வாங்கிய மருந்தை இரவோடு இரவாக முருகைக்கல் தொட்டியிலேயே ஊற்றியிருக்கிறார். போத்தலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நினைத்தபடியே, செம்பு.

வெள்ளைப்புள்ளியை உண்டாக்குவது மீனின் உடம்பில் ஒட்டி வாழும் ஓர் ஒட்டுண்ணி. செம்பு அதற்கு நல்ல மருந்துதான். ஆனால் மீனைக் காப்பாற்றும் அளவே இறால், நத்தை, முருகை, கடல் சாமந்தி எல்லாவற்றையும் கொன்றுவிடும். போதாததற்குக் கல்லும் மணலும் செம்பை இழுத்து வைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கசியவிடும். தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் செம்பு மருந்தைக் கரைத்து ஊற்றலாமா என்று கேட்டவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சாதாரண செம்பு மருந்தில் மீனுக்குத் தேவையானது லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் மட்டுமே. குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீன் சாகும். சில தயாரிப்புகளுக்கு அளவு வேறு. அதனால் லேபிளைப் படித்து, அந்த மருந்துக்குப் பொருந்தும் சோதனைப் பெட்டியையும் சேர்த்தே வாங்குங்கள்.

பலரும் ஏமாறுவது நான்காம், ஐந்தாம் நாளில்தான். புள்ளிகள் மறைந்துவிடும். மருந்து பிடித்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் ஒட்டுண்ணி வயிறு நிறைந்து, தானாகவே மீனை விட்டு இறங்கி மணலில் கூடு கட்டியிருக்கும். ஒரு கூட்டுக்குள் நூறு, இருநூறு குஞ்சுகள்கூட உருவாகும். வெளியே வந்ததும் ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். அந்தப் பலவீனத்தைத்தான் நாம் பயன்படுத்த வேண்டும்.

மீன்கள் எல்லாவற்றையும், நோயில்லாததுபோல் தெரிபவற்றையும் சேர்த்து, தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அதில் மணலோ கல்லோ வேண்டாம். ஒளிய இரண்டு பீவீசீ குழாய்த் துண்டு, ஹீட்டர், ஸ்பொஞ் பில்டர் போதும். பில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். செம்பை இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றி, நான்கு வாரமாவது அதே அளவில் வைத்திருங்கள். செம்பையும் அமோனியாவையும் தினமும் சோதியுங்கள்.

பெரிய தொட்டி 76 நாள் மீனில்லாமல் இருக்கட்டும். நம் பக்கத்தில் நடக்கும் தவறு, "மீன்தான் இல்லையே" என்று ஹீட்டரைக் குறைப்பது. குளிரில் அந்தக் கூடுகள் பொரிய இன்னும் நாளாகும், முருகையும் வாடும். 26 பாகையில் வையுங்கள்.

மலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. காற்றழுத்தம் கரையோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், அதே சூட்டில் உள்ள நீரில் கரையும் ஒட்சிசனும் அவ்வளவு குறைகிறது. செவுள் புண்பட்ட மீனுக்கு இது பெரிய இழப்பு. போர்மலின் போன்ற மருந்துகள் ஒட்சிசனை மேலும் குறைக்கும். காற்றுக்கல் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். கரண்ட் போனால் ஓட பற்றரியில் இயங்கும் காற்று மோட்டார் ஒன்றும் இருக்கட்டும்.

புள்ளி உப்புபோல் இல்லாமல் மாத்தூள்போல் படிந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது வேறு ஒட்டுண்ணி. சில நாளிலேயே கொன்றுவிடும், அன்றைக்கே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். சூட்டைக் கூட்டுவது நன்னீர் மீனின் வெள்ளைப்புள்ளிக்கான வைத்தியம், இங்கே அது உதவாது.

அந்தத் தம்பியின் கோமாளி ஜோடி பிழைத்து, பதினோரு வாரத்துக்குப் பிறகு வீடு திரும்பியது. கல்லையும் மணலையும் முழுதாக மாற்றினார். செம்புச் சோதனை பூச்சியம் காட்டிய பிறகும், முதலில் ஒரே ஒரு நத்தையைத்தான் விடச் சொன்னேன். மூன்றாம் நாள் அது கண்ணாடியில் ஊர்ந்துபோகும் வீடியோவை அனுப்பினார்.