குழாயை மூடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

மூடிய குவார்ட்ஸ் குழாயைச் சூடேற்றி, ஒரு முனையில் உள்ள மூலப்பொருளை அயோடின் ஆவியின் துணையால் மறுமுனைக்குக் கொண்டுபோய்ப் படிகமாகப் படியச் செய்வதுதான் ஆவிநிலைக் கடத்தல் முறை. இம்முறையில் குறைக்கடத்திப் படிகம் வளர்க்க வரும் ஆய்வு மாணவர்கள் அயோடினைக் கண்டால் தயங்குகிறார்கள். ஊதா ஆவி கண்ணுக்குத் தெரிகிறதே! ஆனால் உலோகமும் கந்தகமும் சேர்ந்த படிகங்களை வளர்க்கும்போது நான் அதிகம் அஞ்சுவது மிச்சமாகும் கந்தகத்துக்குத்தான்; அதன் அழுத்தம் குழாயை வெடிக்க வைத்துவிடலாம்.

15 மி.மீ. உள்விட்டமும் 20 செ.மீ. நீளமும் உள்ள குவார்ட்ஸ் குழாயின் கொள்ளளவு சுமார் 35 மி.லி. மில்லிலிட்டருக்கு 5 மி.கி. வீதம் 175 மி.கி. அயோடின் இட்டால், 1000 டிகிரி செல்சியஸில் உள்ளே ஏறத்தாழ 2 வளிமண்டல அழுத்தம் இருக்கும். சமையலறைக் குக்கரில் இருப்பதும் அவ்வளவுதான். அதே 175 மி.கி. கந்தகம் வினைபுரியாமல் மிஞ்சினால் அழுத்தம் 8 வளிமண்டலத்தை எட்டிவிடும். அயோடினின் மூலக்கூறு எடை 254. அந்த வெப்பத்தில் இரட்டை அணுக்களாக உலவும் கந்தகத்துக்கு 64 மட்டுமே. எடை ஒன்றானாலும் மூலக்கூறுகள் நான்கு மடங்கு. படிகத்தில் கந்தகக் குறை வரக்கூடாது என்று ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடும் வழக்கம் பல ஆய்வுக்கூடங்களில் உண்டு. போடுங்கள், ஆனால் எடை பார்த்துப் போடுங்கள். மோல் எண்ணிக்கையை (கிராமில் உள்ள எடையை மூலக்கூறு எடையால் வகுத்தால் வருவது) 0.082-ஆலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கி, லிட்டரில் உள்ள கொள்ளளவால் வகுத்தால் அழுத்தம் வளிமண்டல அளவில் கிடைத்துவிடும். ஐந்து நிமிட வேலை.

உலையை அவசரமாகச் சூடேற்றுவதும் இதே ஆபத்தைத்தான் தரும். கந்தகம் 445 டிகிரியில் கொதிக்கிறது. உலோகப் பொடி அதை உட்கொள்ள அவகாசம் வேண்டும்; அந்த வெப்பநிலைக்குக் கீழே ஒரு நாளாவது நிறுத்தி வைப்பது நல்லது. குழாயில் நகக்கீறல் அளவு கோடு தெரிந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். கழுவிய பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வையில் உள்ள சோடியம் பட்ட இடத்தில் குவார்ட்ஸ் வெண்மையாகி நொறுங்கத் தொடங்கும். வெற்றிடப் பம்பு ஓடும்போது அயோடின் உள்ள முனையைக் குளிர்வித்து வைக்காவிட்டால், நிறுத்துப் போட்ட அயோடின் பம்புக்குள் போய்விடும், கணக்கும் பொய்த்துவிடும்.

வளர்ச்சி முடிந்ததும் மூலப்பொருள் இருக்கும் முனையை முதலில் குளிர்வியுங்கள். ஆவி அங்கே படியும், படிகங்கள் சுத்தமாக இருக்கும். நன்றாக ஆறியபின், முகக்கவசம் அணிந்து, தடித்த துணியில் சுற்றி, நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் புகைபோக்கி அறைக்குள் வைத்துத்தான் குழாயை உடைக்க வேண்டும். பாஸ்பைடு, அதாவது கந்தகத்துக்குப் பதில் பாஸ்பரஸ் சேர்ந்த படிகம், வளர்ப்பவர்களுக்கு இதுவும் போதாது. சிவப்புப் பாஸ்பரஸைப் போட்டிருந்தாலும், ஆவி குளிரும்போது வெண் பாஸ்பரஸாகப் படியலாம். காற்றுப் பட்டதும் அது தானாகவே தீப்பிடிக்கும். அந்தக் குழாய்களை ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் மட்டுமே திறக்க வேண்டும்.