மொட்டை நுனிச் சோளம்

கொழும்புக் கடற்கரையோரக் காலிமுகத்திடலில் அவித்த சோளம் வாங்கும்போது தோலைச் சற்று விலக்கி நுனியைப் பார்ப்பது என் பழக்கம். முத்துப் பிடிக்காமல் மொட்டையாக இருந்தால் வேறொன்றை எடுப்பேன். விற்பவர் முறைப்பார். அந்த மொட்டை நுனிக்குக் காரணம் பல நேரங்களில் தண்ணீர். அந்தத் தண்ணீரை எத்தனை செடிகள் பங்குபோட்டன என்பதும் கூடவே வரும்.

பொத்தியை உரிக்கும்போது கையில் ஒட்டும் நூல்கள் இருக்கின்றனவே, ஒரு நூலுக்கு ஒரு முத்து என்பதுதான் கணக்கு. செடியின் உச்சியிலுள்ள ஆண் பூவிலிருந்து மகரந்தம் விழுந்து நூலில் ஒட்டினால் முத்து உண்டு, இல்லையென்றால் அந்த இடம் காலி. அடிப்பக்கத்து நூல்கள் முதலில் வெளிவரும், நுனி நூல்கள் கடைசியில். ஒரு செடி மகரந்தம் உதிர்ப்பது ஏறக்குறைய ஒரு வாரம்தான். தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தாலும் மகரந்தம் பெரிதாகத் தாமதிப்பதில்லை, நூல்தான் பிந்தும். நெருக்கமாக நட்ட வயலில் இன்னும் பிந்தும். நூல் எட்டிப் பார்க்கும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். ஒட்டிய முத்துகளிலும், சத்துப் போதாவிட்டால் செடி முதலில் கைவிடுவது நுனியைத்தான்.

நெல்லென்றால் இடம் கிடைத்தால் மட்டம் வெடித்து, அதாவது அடியிலிருந்து புதுத் தண்டுகள் விட்டு, நிரப்பிவிடும். சோளத்துக்கு அந்தக் கெட்டித்தனம் குறைவு. ஒரு விதை, ஒரு தண்டு, பெரும்பாலும் ஒரு பொத்தி. ஆகவே மழை எவ்வளவு வருமென்று தெரியாமலே, அதை எத்தனை பேருக்குப் பங்கிடுவதென்று நடும் நாளிலேயே முடிவு செய்தாக வேண்டும். அதிகமாக நட்டால் பூக்குமுன்பே செடிகள் மண்ணிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். சில செடிகள் பொத்தியே போடாது. குறைவாக நட்டால் வெறும் மண்ணிலிருந்து ஈரம் ஆவியாகும், மிச்சம் களைக்குப் போகும்.

அமெரிக்காவில் மேற்குக் கான்சஸ் பக்கம் ஆண்டு மழை சுமார் 450 மி.மீ. மழையை மட்டும் நம்பும் வயலில் ஏக்கருக்கு 16,000 முதல் 20,000 செடி. நீர் பாய்ச்சும் வயலில் 28,000க்கும் மேல். நடுமுன் ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்ப்பார்கள். ஈரமண்ணில் கம்பி இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். ஆழமாக இறங்கினால் எண்ணிக்கையைக் கூட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான்.

நம் இலங்கையில் அநுராதபுரம், மொனராகலைப் பக்கம் பெரும்போகத்தில் (வடகீழ்ப் பருவமழைக் காலப் பயிர்ப்பருவம்) மானாவாரிச் சோளம் நடுகிறார்கள். வரிக்கு வரி 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. என்பது வழக்கமான இடைவெளி. ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஒரு செடிக்கு 0.18, ஆக ஏறத்தாழ 22,500 செடி. கான்சஸைவிட அதிகமாக இருக்கிறதே என்றால், உலர் வலயம் என்று பெயர் இருந்தாலும் அநுராதபுரத்தில் ஆண்டுக்கு 1,300 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. ஆனால் பூக்கும் நாட்களில் மழை நின்றுபோனால் அந்தக் கணக்கு உதவாது. மேல்மண் ஆழமில்லாத, காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை நிலமென்றால் கொஞ்சம் குறைத்தே நடலாம் என்பேன்.

நடும் விதையும் நிற்கும் செடியும் ஒன்றல்ல. நூற்றுக்குத் தொண்ணூறு முளைக்குமென்றால் 22,500 செடிக்கு 25,000 விதை வேண்டும். ஆயிரம் விதையின் எடை 250 முதல் 350 கிராம் வரை மாறும். அதாவது ஆறேகால் கிலோ போதலாம், 9 கிலோ கிட்டவும் தேவைப்படலாம். அதனால் கிலோவை நம்பாமல் எண்ணிப் பார்ப்பது நல்லது. முளைத்தபின் சரிபார்க்க ஒரு சுருக்குவழி உண்டு. 60 செ.மீ. வரியில் 6 மீட்டர் 75 செ.மீ. நீளத்துச் செடிகளை எண்ணி ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கருக்கான எண்ணிக்கை வந்துவிடும். நாலைந்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. வயல் முழுக்க நுனிவரை முத்து நிறைந்திருந்தால், இன்னும் சில செடிகளை அந்த மழை தாங்கியிருக்கும் என்று அர்த்தம். கோழித்தீவனத்துக்குக் கிலோக் கணக்கில் விற்பவருக்கு நுனியில் கொஞ்சம் மொட்டை இருந்தால் நட்டமில்லை. அவித்து விற்க, பொத்திக் கணக்கில் கொடுப்பவர்தான் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி நடவேண்டும். கடற்கரையில் என்னைப் போன்றவர்கள் தோலை விலக்கிப் பார்ப்பார்களே.