மேற்கோள் எண்ணிக்கை எதை அளக்கிறது?

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் சைரஸ் ஃபிஸ்க்கும், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அங்கே சென்றிருந்த எல்லப்பிரகடா சுப்பாராவும், உடலின் திரவங்களில் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று அளக்கும் முறையொன்றை 1925-இல் வெளியிட்டார்கள். மாதிரியோடு அமிலமும் மாலிப்டேட் என்ற உப்பும் சேர்த்து, பிறகு ஒடுக்கும் வேதிப்பொருள் ஒன்றைச் சிறிதளவு விட்டால் கரைசல் நீலமாகும். பாஸ்பரஸ் கூடக்கூட நீலமும் அடர்ந்துகொண்டே போகும். அளவு தெரிந்த வேறொரு கரைசலின் நீலத்தோடு அதை ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். பின்னாளில் தசையையோ எலும்பையோ ஆராய்ந்தவர்கள் இந்த வழியில் பாஸ்பரஸை அளந்தபோதெல்லாம், 'ஃபிஸ்க்–சுப்பாராவ் முறைப்படி அளந்தோம்' என்று எழுதி, கட்டுரையின் கடைசிப் பட்டியலில் அந்த 1925-ஆம் ஆண்டுக் கட்டுரையையும் சேர்த்தார்கள். அப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மேற்கோள்.

இந்தப் பட்டியல்களைத் தலைகீழாகத் தொகுத்தால், ஒரு பழைய கட்டுரையைப் பின்னால் யார் யார் பயன்படுத்தினார்கள் என்று பார்க்கலாம். ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எங்கெல்லாம் எடுத்தாண்டன என்று தேட அமெரிக்க வழக்கறிஞர்களிடம் ஏற்கெனவே அத்தகைய அட்டவணை இருந்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டுதான் ஃபிலடெல்ஃபியாவின் யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். தேடுவதற்காகப் பிறந்த கருவி, ஆளை எடைபோடும் தராசாக மாற அதிக காலம் ஆகவில்லை.

அந்தத் தராசுகளில் இன்று பெரிதும் புழங்குவது, கலிஃபோர்னியா இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த எச் எண். ஓர் ஆய்வாளரின் ஆறு கட்டுரைகள் முறையே 48, 20, 9, 5, 4, 2 மேற்கோள்கள் பெற்றுள்ளன என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கு மேற்கோள்கள் உண்டு. ஐந்தாவதற்கு ஐந்து இல்லை. ஆகவே எச் எண் 4. அந்த 48 நாளை 4,800 ஆனாலும் எண் அசையாது. ஒரே ஒரு கட்டுரையின் புகழால் யாரும் உயர்ந்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். ஒரே ஒரு பெருங்கண்டுபிடிப்பைச் செய்தவருக்கு இது இழைப்பது அநீதி என்பது என் எண்ணம்.

மேற்கோள் அளப்பது பயன்பாட்டைத்தான், மதிப்பை அல்ல. புரதத்தை அளக்கும் முறையைப் பற்றி ஆலிவர் லவ்ரி குழுவினர் 1951-இல் எழுதிய கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களோடு உலகப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அது பெரிய கட்டுரை அல்ல என்று லவ்ரியே சொன்னதுண்டு. மறுப்பதற்காகக் காட்டும் மேற்கோளும் கணக்கில் ஏறிவிடும். தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு 1998-இல் வெளியாகி, 2010-இல் லான்செட் இதழ் திரும்பப் பெற்ற கட்டுரையும் இப்படித்தான் ஏராளமான மேற்கோள்களைச் சேர்த்தது.

சுப்பாராவுக்கே திரும்புவோம். ஹார்வர்டை விட்டு 1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போன பிறகு அவர் தலைமையில் நடந்த வேலைகளில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்ததும், அதன் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தை உருவாக்கியதும் அடங்கும். பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தார். 10 பேரின் நிலை தற்காலிகமாகத் தேறியது. புற்றுநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய அந்த 1948-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் ஐவர். சுப்பாராவ் அவர்களில் இல்லை. ஆகவே அதற்குக் குவிந்த மேற்கோள்களில் ஒன்றுகூட அவர் கணக்கில் சேராது. யானைக்கால் நோயைத் தடுக்கத் தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும் அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததுதான். மாத்திரையை விழுங்குகிறவர் யாரையும் மேற்கோள் காட்டுவதில்லை.

முழுவதும் பொது அறிவாகிவிட்ட கண்டுபிடிப்புக்கு மேற்கோள் நின்றுபோவதும் உண்டு. தசைக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யை 1929-இல் கண்டறிந்தவர்களில் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் உண்டு. உயிரியல் கட்டுரைகளில் ஏ.டி.பி. என்ற சொல் வராத நாள் இல்லை. அதற்காக அந்த 1929-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பட்டியலில் சேர்ப்பவர்தான் அரிது.