அந்த நம்பிக்கைப் பட்டையை முதலில் அழித்துவிடுங்கள்

போன வாரம் ஒரு சிறிய குழு தங்கள் கேமின் ப்ரோட்டோடைப்பை, அதாவது முன்மாதிரியை, எனக்கு அனுப்பியிருந்தது. அறிவியல் புனைகதை. ஒரு விண்வெளி நிலையம், அதன் உள்வாசலை மூடிவைத்திருக்கும் வேற்றுக்கிரகத் தூதர், அவரிடம் பேசி உள்ளே போக வேண்டிய ஒரு மனிதர். "எங்கள் கேமில் துப்பாக்கியே கிடையாது, முழுக்க முழுக்க உரையாடல்தான்" என்று மின்னஞ்சலில் பெருமையாக எழுதியிருந்தார்கள். திறந்து பார்த்தேன். தூதரின் தலைக்கு மேல் ஒரு பச்சைப் பட்டை. சரியான பதிலைத் தேர்ந்தெடுத்தால் நம்பிக்கை 15 புள்ளி ஏறுகிறது. தப்பான பதில் என்றால் 20 இறங்குகிறது. 100-ஐத் தொட்டதும் வாசல் திறக்கிறது. பூஜ்ஜியத்துக்கு வந்தால் "பேச்சுவார்த்தை தோல்வி" என்று காட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

இந்த ஆண்டில் நான் பார்க்கும் ஐந்தாவது பச்சைப் பட்டை இது. கேம்களுக்கு உரையாடல் எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்வதும் என் தொழில். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே பதிலை எழுதி அலுத்துவிட்டது. அதனால் எல்லோருக்குமாக ஒரே தடவை இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்தப் பட்டை சண்டை கேமில் இருக்கும் உயிர்ப் பட்டையேதான். அங்கே குறையும், இங்கே ஏறும், அவ்வளவுதான் வித்தியாசம். கத்தி இருந்த இடத்தில் வாக்கியத்தை வைத்திருக்கிறீர்கள். எதிரில் இருப்பவரின் எதிர்ப்பு தீரும்வரை வாக்கியத்தால் அடிக்கிறீர்கள். இதைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அதே பட்டைக்கு "நல்லுறவு" என்றோ "நெருக்கம்" என்றோ பெயர் மாற்றிக் கொண்டுவருகிறார்கள். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டையில் எதிராளிக்கு ஒரே வேலைதான், உங்களைத் தடுப்பது. அவருக்கென்று தனியாக ஒரு ஆசை இல்லாவிட்டாலும் சண்டை நடக்கும். பேச்சு அப்படி நடக்காது. எதிரில் இருப்பவருக்கும் ஏதோ ஒன்று வேண்டும், அது உங்களிடம் இருக்கக்கூடும் என்று அவர் நினைக்கிறார், அதனால்தான் நின்று பேசுகிறார். அந்த ப்ரோட்டோடைப்பில் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். தூதர் என்னிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. நான் எங்கிருந்து வருகிறேன், என் கப்பலில் எத்தனை பேர், உள்ளே போய் என்ன செய்யப்போகிறேன், எதுவும் இல்லை. "அவருக்கு என்ன வேண்டும்?" என்று குழுவிடம் கேட்டேன். "வாசலைக் காக்கிறார்" என்றார்கள். காப்பது அவர் பார்க்கும் வேலை. அவருக்கு என்ன வேண்டும் என்பதற்கு அது பதில் ஆகாது.

அடுத்த கெடுதல், கவனம் போகும் இடம். பட்டை இருந்தால் விளையாடுபவர் பட்டையைத்தான் பார்ப்பார். பிறரை விளையாடவைத்துச் சோதிக்கும் பிளேடெஸ்டில் இதைத் தொடர்ந்து பார்க்கிறேன். பத்து நிமிடம் விளையாடியவரிடம் "தூதர் எதற்குப் பயப்படுகிறார்?" என்று கேட்டால் விழிக்கிறார். "நம்பிக்கை எவ்வளவு?" என்றால் உடனே "85" என்கிறார். நீங்கள் இரவு பகலாக எழுதிய வரிகளை யாரும் படிக்கவில்லை. தப்பான பதில் என்று ஒன்று இருந்துவிட்டால், அதைச் சொன்ன அடுத்த நொடியே சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் வேறு பதிலை அழுத்துவார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். ஒரு சொல்லைச் சொன்னால் அது சொன்னதுதான் என்ற உணர்வை உங்கள் கேம் தரவில்லை.

மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி கேம் 2007-இல் கொண்டுவந்த, பதில்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் உரையாடல் சக்கரத்தை எல்லோரும் அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். இடப்பக்கம் விசாரிக்கும் கேள்விகள், வலப்பக்கம் மேலே இதமான பதில், கீழே முரட்டுப் பதில். வேகமாகப் பேசவைக்க அருமையான ஏற்பாடு. ஆனால் சில மணி நேரத்தில் விரல் தானாக மேல் வலப்பக்கம் போகப் பழகிவிடுகிறது, கண் வரியைப் படிப்பதில்லை. அந்த கேமில் சுடுவதும் ஓடுவதும் பெரும்பகுதி, பேச்சு நடுவில் வருவது. அதற்கு இது தாங்கும். பேச்சை மட்டுமே நம்பி நிற்கும் கேமுக்குத் தாங்காது.

அந்தச் சக்கரத்தோடு சேர்ந்து வரும் இன்னொரு நோய், சுருக்கி எழுதிய பதில். 2011-இல் வந்த எல்.ஏ. நுவார் அறிவியல் புனைகதை இல்லை, துப்பறியும் கேம், என்றாலும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதை விளையாடியே ஆக வேண்டும். அதில் "சந்தேகம்" என்ற பட்டனை மெதுவாக ஐயப்படும் எண்ணத்தில் அழுத்தினால், துப்பறிபவர் சாட்சியைப் பார்த்துக் கத்துவார். 2017 மறுவெளியீட்டில் அந்தப் பெயர்களையே மாற்றினார்கள். பட்டனில் ஒன்று, வாயில் இன்னொன்று என்று வந்துவிட்டால், அதற்குப் பிறகு விளையாடுபவர் உங்கள் கேமை நம்பமாட்டார். சொல்லப்போகும் வரியை முழுசாகக் காட்டுங்கள். இடம் போதவில்லை என்றால் வரியைச் சின்னதாக எழுதுங்கள்.

சரி, பட்டை வேண்டாம் என்றால் எடை எங்கிருந்து வரும்? நிறைய வழி இருக்கிறது, செய்து காட்டியும் இருக்கிறார்கள். 2016-இல் வந்த வால்ஹல்லாவில் நீங்கள் எதிர்கால நகரம் ஒன்றின் மதுக்கடையில் பானம் கலப்பவர். பதில்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலே இல்லை. வந்தவர் கேட்டதைக் கொடுக்கிறீர்களா, வேறொன்றைக் கொடுக்கிறீர்களா, எவ்வளவு போதை ஏற்றுகிறீர்கள் என்பதில் அவர் பேச்சு மாறும். கேட்பதற்கு எளிது, ஆனால் வந்தவர் சொல்வதைக் காதில் வாங்காமல் அதை விளையாட முடியாது. 2022-இன் சிட்டிசன் ஸ்லீப்பரில் உங்கள் உடலே ஒரு நிறுவனத்தின் சொத்து. நாளுக்கு நாள் தேய்கிறது. தினமும் கிடைக்கும் பகடைகளை எந்த வேலைக்கு, எந்த மனிதருக்குச் செலவழிப்பது என்பதுதான் கேள்வி. ஒருவரோடு நேரம் செலவழித்தால் இன்னொரு வேலை தவறிப்போகும். அந்த இழப்பால்தான் அங்கே பேச்சுக்குக் கனம் கூடுகிறது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு ஒன்று. அறிவியல் புனைகதை உரையாடலுக்கென்றே கொடுக்கும் வரங்களை யாரும் தொடுவதில்லை. செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே ஒரு செய்தி போய்ச் சேர, கோள்கள் இருக்கும் நிலையைப் பொறுத்து, ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடம் ஆகும். பதில் வர அதே அளவு இன்னொரு முறை. அந்தத் தொலைவில் குறுக்கிட முடியாது, "இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை" என்று உடனே திருத்த முடியாது. எதிரில் இருப்பவர் என்ன கேட்பார் என்று முன்கூட்டியே யோசித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும். 40 நிமிடம் கழித்து வரும் பதில், நீங்கள் மனம் மாறிய பிறகு வரலாம். ஒரு கேம் முழுவதையும் இதன்மேல் கட்டலாம். ஆனால் என்னிடம் வந்த ஐந்து ப்ரோட்டோடைப்பிலும் எவ்வளவு தொலைவில் இருப்பவரோடும் தொலைபேசியில் பேசுவதுபோலத்தான் பேசுகிறார்கள்.

இன்னொன்று, எல்லா மொழியையும் நொடியில் பெயர்க்கும் கருவி. தயவுசெய்து அதைத் தூக்கிப் போடுங்கள். புரியாமை என்ற உங்களுடைய மிகப் பெரிய சொத்தை அது முதல் காட்சியிலேயே காலி செய்துவிடுகிறது. 1988-இலேயே கேப்டன் பிளட் என்ற கேம், நூற்றுக்கும் மேற்பட்ட படக்குறிகளை அடுக்கி வேற்றுக்கிரகவாசிகளோடு பேச வைத்தது. 2019-இன் ஹெவன்ஸ் வால்ட் பழைய எழுத்துகளை ஊகித்துப் படிக்க வைக்கிறது. தப்பாக ஊகித்தால் அங்கேயே மணியடித்து நிறுத்தாது. அந்தத் தப்பான பொருளோடு கதை நகரும், வேறு இடங்களில் அதே சொல்லைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வரும். தவறாகப் புரிந்துகொண்டும் தொடர்ந்து பேச முடிவதுதான் நிஜப் பேச்சு.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கையில் நாம், நாங்கள் என்று இரண்டு சொல் இருக்கிறது. "நாங்கள் இந்த நிலையத்தில் இருக்கிறோம்" என்று பத்து காட்சிகளாகப் பேசிவந்த தூதர், பதினோராவது காட்சியில் "நாம்" என்று சொன்னால் போதும். பட்டை வேண்டாம், இசை வேண்டாம், கவனித்துப் படிக்கும் எவருக்கும் உடம்பு சிலிர்க்கும். நீங்கள் என்பவர் நீ என்று இறங்குவதும் அப்படித்தான், அது நெருக்கமாகவும் இருக்கலாம், அவமதிப்பாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் தமிழாக்கினால் இது அத்தனையும் போய்விடும். அப்புறம், கப்பலுக்கு விளையாடுபவரே பெயர் வைக்கலாம் என்று விடுகிறீர்கள் என்றால், அந்தப் பெயரோடு ஐ, கு, இல் ஒட்டும் இடங்களையெல்லாம் முதல் நாளே பாருங்கள். வெளியிடும் வாரத்தில் பார்த்து அழுத குழுக்களை எனக்குத் தெரியும்.

பதிலுக்கேற்பப் பேச்சு பிரியும் கிளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் மூன்று பதில், பத்து முறை பேச்சு என்றால் 59,049 பாதை. யாராலும் எழுத முடியாது. பயந்துபோய் மூன்று பதிலுக்கும் ஒரே மறுமொழியை வைப்பார்கள், இரண்டாம் முறை விளையாடும்போது குட்டு உடையும். மரமாக வளர்க்காமல், முன்பு என்ன நடந்தது என்பதைப் பார்த்துத் தலைகாட்டும் சின்னச் சின்னக் காட்சிகளாக எழுதுங்கள். இப்படி எழுத உதவும் இங்க், யார்ன் ஸ்பின்னர் போன்ற கருவிகள் இருக்கின்றன, கற்றுக்கொள்ளுங்கள்.

"பதில் பட்டியலே வேண்டாம், செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியை இணைத்துவிடுகிறோம், என்ன வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம்" என்று இப்போது பலர் சொல்கிறார்கள். ஆசை புதிதல்ல. 1966-இன் எலைசா என்ற உரையாடல் நிரலிடமே மனிதர்கள் மனதைக் கொட்டினார்கள். 2016-இன் ஈவென்ட் ஜீரோவில் கப்பலின் கணினியோடு தட்டச்சு செய்துதான் பேச வேண்டும். மறுபக்கம் இருப்பதே ஒரு பழைய கணினி என்பதால் அதன் தடுமாற்றம் கதைக்குப் பொருந்துகிறது. உங்கள் தூதருக்கு எது தெரியும், எதை மறைக்கிறார், எதைக் கேட்டால் எழுந்து போவார் என்று நீங்கள் முடிவு செய்யாதவரை எந்த மாதிரியும் அதை உங்களுக்காக முடிவு செய்து தராது. இனிமையாகப் பேசிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

இனிச் செய்ய வேண்டியவை. முதல் வரியை எழுதுமுன் எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். முடியவில்லையா, கணினியை மூடிவிட்டு நடந்துவிட்டு வாருங்கள். முதல் மூன்று நிமிடத்துக்குள் அவர் ஒரு கேள்வி கேட்கட்டும், அதன் பதில் அவருக்கு உண்மையிலேயே தேவைப்படட்டும். பேச்சை முடிக்கும் உரிமையை அவருக்கும் கொடுங்கள். தோற்றுப்போன பேச்சிலிருந்தும் கதை தொடரட்டும், "மறுபடி முயல்க" திரையை அகற்றுங்கள். விளைவை உடனே காட்டாதீர்கள், இரண்டு காட்சி தள்ளி வரட்டும், பழைய இடத்துக்குத் திரும்பிப் போகும் பழக்கம் தானே குறையும். எல்லாவற்றையும் வாய்விட்டுப் படியுங்கள், அதுவும் இருவராக. நிரல் எழுதுவதற்கு முன்னால், காகிதத்தில், உங்களில் ஒருவர் தூதராக உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஒரு மதியம் போதும்.

மௌனத்தையும் ஒரு பதிலாக வையுங்கள். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வந்த ஓர் ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கண்டார்கள். கொஞ்சம் தாமதித்தாலே எதிரில் இருப்பவருக்கு ஏதோ தோன்றிவிடும். 2016-இன் ஆக்ஸன்ஃப்ரீயில் பதில் குமிழ்கள் மறைவதற்குள் தேர்ந்தெடுக்காவிட்டால் நீங்கள் பேசாமல் இருந்தீர்கள் என்றே ஆகும், சுற்றி இருப்பவர்கள் பேசிக்கொண்டு போவார்கள். ஆனால் ஒன்று, மன்றாடிக் கேட்கிறேன்: நேரக் கெடு வைத்தால் அதை நீட்டவும் நிறுத்தவும் அமைப்புகளில் வழி வையுங்கள். மெதுவாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பேச்சுக்காகவே இப்படிப்பட்ட கேமைத் தேடி வருபவர்களில் இவர்களும் உண்டு. பேசி முடித்த வரிகளைத் திரும்பிப் பார்க்கும் பதிவேடும் எழுத்துப் பெரிதாக்கும் வசதியும் முதல் பதிப்பிலேயே இருக்கட்டும்.

அந்தக் குழு நேற்று மறுபடியும் எழுதியிருந்தது. பட்டையை எடுத்துவிட்டார்களாம், இப்போது கேம் வெறுமையாகத் தெரிகிறதாம், என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அந்த வெறுமை முன்பும் இருந்தது, பட்டை மறைத்திருந்தது. தூதருக்கு என்ன வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.