ரிப்போர்ட் எல்லாம் நார்மல், பயம் மட்டும் போகவில்லை

காரைக்குடியில் என்னைப் பார்க்க வரும் சிலர் ஒரு கட்டைப்பையோடுதான் வருவார்கள். இசிஜி, எக்கோ, ஸ்கேன், வெவ்வேறு ஊர் லேப் ரிப்போர்ட்டுகள். எல்லாமே நார்மல். ஆனாலும், "உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு டாக்டர், யாரும் கண்டுபிடிக்க மாட்டேங்கிறாங்க" என்பார்கள். கூட வந்தவர், "எல்லாம் மனப்பிரமை" என்று அதட்டுவார். அப்படி அதட்டுவது தவறு. அந்தப் படபடப்பு நிஜமானது. பயந்தால் அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வேகமாகும்போது விரல் நுனி மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது. அதையே மாரடைப்பு என்று நினைத்தால் பயம் இன்னும் ஏறத்தானே செய்யும்?

நம் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் வயதானவர்கள் மட்டும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிபி மிஷின். காலையில் எழுந்ததும் ஆச்சி பார்க்கிறார், 138. சந்தேகம் வந்து உடனே மறுபடி பார்த்தால் 150. பதறிப்போய் மூன்றாவது தடவை, 164. மகனுக்கு போன். "ஆத்தா, எதுக்கும் மதுரைக்குப் போய்க் காட்டிட்டு வந்துருங்க." போகிறார், ஒன்றுமில்லை என்கிறார்கள். சில நாள் நிம்மதி, அப்புறம் பழையபடி மிஷின்.

அந்த நிம்மதியில்தான் சிக்கலே இருக்கிறது. 'சோதித்துப் பார்த்ததால்தான் தப்பித்தோம்' என்று மனது பழகிவிடுகிறது. சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற மாதிரி, பார்க்கப் பார்க்கப் பயம் கூடும். கூகுளில் தேடுவதும் இதே கதைதான்.

முதலில் ஒரே டாக்டரிடம் முறையாக ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் சொன்ன நாளில் மட்டும் பிபி பாருங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். முதுகைச் சாய்த்து, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்த்து, நோட்டில் எழுதிவிட்டு மிஷினை பீரோவில் வைத்துவிடுங்கள். இடையில் பார்க்கத் தோன்றினால், 'அரை மணி கழித்துப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுங்கள். முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தவிப்பு ஏறுவதைப் போலவே தானாக இறங்கும். அதை நீங்களே அனுபவித்துப் பார்ப்பதுதான் வைத்தியம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஒண்ணும் இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். அதுவும் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் போலத்தான் வேலை செய்யும். "பயமா இருக்கா? சரி, வாங்க, முகப்புல கொஞ்ச நேரம் உக்காந்து பேசுவோம்" என்று சொல்லுங்கள்.

ஆனால் நெஞ்சை அழுத்தும் வலி, அதோடு வியர்வை, மூச்சுத்திணறல், திடீரென ஒரு பக்கம் கை கால் இழுப்பது, பேச்சு குழறுவது என்று எது வந்தாலும் தள்ளிப்போடவே கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாதக்கணக்கில் இந்தப் பயம் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் பேச்சுவழிச் சிகிச்சை இதற்கு நன்றாகவே கைகொடுக்கிறது; சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.