பக்தி யோகம் – சொல்லும் பொருளும்

"பயபக்தியோடு கும்பிடு" என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பழகிவிட்டோம். இந்த இரட்டைச்சொல் எனக்கு நெடுநாளாக உறுத்தல். கீதையின் 12ஆம் அத்தியாயத்துக்குப் பெயரே பக்தி யோகம். மொத்தம் 20 சுலோகங்கள்தாம். தனக்குப் பிரியமானவன் யார் என்று அதில் சொல்லவரும் கண்ணன், எந்த உயிரையும் வெறுக்காதவன் என்று தொடங்குகிறான். களிப்பு, பொறாமை, பயம், கலக்கம் ஆகியவற்றிலிருந்து விடுபட்டவன் என்றும் சொல்கிறான். பக்தன் விட்டொழித்தவற்றில் ஒன்றாகத்தான் பயம் அங்கே வருகிறது.

பக்தி வடசொல். 'பஜ்' என்னும் வேரிலிருந்து வந்தது. பங்கிடுதல், பங்குபெறுதல், ஒன்றைச் சார்ந்திருத்தல், வழிபடுதல் என்று அந்த வேருக்குப் பொருள் விரியும். நாம் அன்றாடம் சொல்லும் பாகம், பாக்கியம், பஜனை, பகவான் எல்லாம் ஒரே குடும்பம். வடமொழி இலக்கணத்தில் வேற்றுமைக்கு 'விபக்தி' என்று பெயர். பிரிவு என்பது அதன் பொருள். 'பக்தம்' என்றால் பங்கிட்ட உணவு, சோறு. வடக்கே சோற்றை 'பாத்' என்பது அதிலிருந்து வந்ததே. ஆக, பக்தன் என்பவன் இறைவனில் பங்குகொண்டவன், அவனையே சார்ந்தவன். 'பற்று' என்ற தமிழ்ச்சொல்தான் பத்தியாகிப் பக்தியானது என்பாரும் உண்டு. வடமொழியில் இத்தனை உறவுச்சொற்களோடு வேரூன்றி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அதில் உடன்பாடில்லை.

தமிழுக்கு வந்தபோது சொல்லின் ஒலி மாறியது. க், ச், த், ப் என்னும் நான்கு மெய்களும் ஒரு சொல்லுக்குள் தம்மோடு மட்டுமே சேரும் என்பது இலக்கணம். ககர மெய்யை அடுத்துத் தகரம் வராது. அதனால் சக்தி சத்தி ஆனது, முக்தி முத்தி ஆனது, பக்தி பத்தி ஆனது. "பத்தராய்ப் பணிவார்கள் எல்லார்க்கும் அடியேன்" என்றார் சுந்தரர். "பத்தி வலையில் படுவோன் காண்க" என்றார் மணிவாசகர். அந்த வலையில் அகப்படுகிறவன் இறைவன்! அஞ்சி நடுங்குகிறவன் வாயில் இப்படி ஒரு சொல் வருமா?

சரி, நேரான தமிழ்ச்சொல் எது? தொண்டு, அடிமை இரண்டும் செயலையும் நிலையையும் சொல்லும். உள்ளத்தின் கசிவு அவற்றுள் முழுதாக அடங்காது. பற்று எதன்மீதும் வரலாம், பணத்தின்மீதும் வரலாம். நம் முன்னோர் அன்பு, காதல் என்றே சொன்னார்கள். பொருளும் பொன்னும் போகமும் வேண்டாம், "அருளும் அன்பும் அறனும்" வேண்டும் என்று முருகனிடம் இரக்கிறது பரிபாடல். பூதத்தாழ்வார் ஒரு விளக்கையே ஏற்றிக் காட்டுகிறார்: "அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக இன்புருகு சிந்தை இடுதிரியா". தகளி என்பது அகல். நெய் திரியில் ஊறுகிறது, திரி எரிகிறது, இரண்டையும் தாங்கி நிற்கிறது அன்பு. இதைவிடத் தெளிவான பொருள்விளக்கம் நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை.

எனவே பக்திக்கு 'இறையன்பு' பொருத்தமான சொல். வெறும் அன்பு என்றால் தாய் பிள்ளைமேல் வைப்பதும் அதுவே என்பதால், இறை என்ற அடை தேவைப்படுகிறது.

யோகம் 'யுஜ்' என்னும் வேரிலிருந்து வந்தது. பூட்டுதல், இணைத்தல் என்று பொருள். பேச்சிலோ "அவனுக்கு யோகம் அடிச்சிருக்கு" என்றால் அதிர்ஷ்டம். உடலை வளைக்கும் ஆசனங்களுக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. ஞானம், கர்மம், பக்தி என்று அடுக்கிச் சொல்லும்போது யோகம் என்பது இறைவனை அடையும் வழி. அதற்கு 'நெறி' என்ற சொல் இருக்கிறது. புதிதாக ஆக்கவும் வேண்டியதில்லை. "முத்திநெறி அறியாத மூர்க்கரொடு முயல்வேனைப் பத்திநெறி அறிவித்து" என்று திருவாசகத்தின் அச்சோப் பதிகம் அந்தச் சொல்லை அப்படியே தந்திருக்கிறது. இன்று 'பத்தி' என்று எழுதினால் ஊதுபத்தியோ நாளிதழின் பத்தியோ நினைவுக்கு வரும் என்று தயங்குவோர் 'அன்புநெறி' என்று எழுதலாம்.