த்ரீடி படத்துக்குச் சம்மதம் சொல்லும் முன்

கட்டடங்களை வடிவமைக்கும் எங்களிடம் வீடு கட்ட வருபவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "த்ரீடி வியூ எப்போது தருவீர்கள்?" என்பதுதான். கேட்பதில் தவறே இல்லை. கட்டி முடித்த வீடு எப்படி இருக்கும் என்று காட்டும் அந்தக் கணினிப் படத்தைப் பார்த்ததும் எல்லாம் முடிவாகிவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஒரு தம்பதிக்குப் படத்தில் பார்த்த பால்கனி மிகவும் பிடித்துப்போனது. இரண்டு நாற்காலி, சின்ன மேசை, ஓரத்தில் செடிகள், எல்லாம் தாராளமாக இருந்தன. மனைக்கு அழைத்துப்போய் அதே அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினேன். அகலம் 1.2 மீட்டர். கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும், மனைவி ஒருக்களித்துத்தான் அவரைத் தாண்ட முடிந்தது. படத்தில் அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கேமராக் கோணத்தை நாங்கள் அகலமாக வைத்திருந்ததால் இடம் தாராளமாகத் தெரிந்தது.

பென்சிலில் வரைந்தால் ஆரம்ப யோசனை ஆரம்ப யோசனையாகவே தெரியும். கோடு தடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஓடியிருக்கும். "இதை மாற்றலாமா?" என்று கேட்கத் தோன்றும். கணினியிலோ முதல் நாள் போட்ட கோடுகூட மில்லிமீட்டர் பிசகாமல் நிற்கிறது. மாற்றச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

1982இல் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் வந்தபோது கணினி பெரும்பாலும் வரைபலகையின் வேலையைத்தான் செய்தது. அப்புறம் யோசிக்கும் முறையே மாறியது. 1997இல் ஸ்பெயினில் திறக்கப்பட்ட பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் வளைவுகளைக் கட்டக்கூடிய அளவுகளாக மாற்ற, அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரியின் அலுவலகம் விமான வடிவமைப்புக்கான கேட்டியா மென்பொருளைப் பயன்படுத்தியது. இன்று பாராமெட்ரிக் முறையில் நாங்கள் வடிவத்தை நேராக வரைவதில்லை. அது உருவாகும் விதியை எழுதுகிறோம். ஜன்னல் அகலத்தை மாற்றினால் சன்ஷேடும் கூடவே மாறும்.

ஆனால் நாம் கேட்காததை மென்பொருள் தானாக யோசிக்காது. லண்டனில் '20 ஃபென்சர்ச் தெரு' என்ற கட்டடத்தின் உள்வளைந்த கண்ணாடி முகப்பு, 2013இல் வெயிலைக் குவித்து, கீழே நின்ற காரின் பாகங்களை உருக்கிவிட்டது. பிறகுதான் வெயில் தடுப்புகள் பொருத்தினார்கள்.

அதனால் படத்தோடு நிறுத்தாமல் வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும் குறுக்குவெட்டு வரைபடமும் கேளுங்கள். ஜூனிலும் டிசம்பரிலும் படுக்கையறையில் மாலை வெயில் எவ்வளவு தூரம் வரும் என்று அந்தப் படம் எடுத்த அதே கணினி மாடலில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பீமும் குழாயும் எங்கே மோதுகின்றன என்பதையும் கட்டடத்தின் எல்லாப் பாகங்களையும் அவற்றின் விவரங்களோடு சேர்த்து வைக்கும் பிம் (BIM) மாடலில் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

அந்தத் தம்பதிக்கு, பக்கத்து அறைச் சுவரை 40 சென்டிமீட்டர் உள்ளே தள்ளினோம். அன்று மாலையே மறுபடியும் மனைக்குப் போய்ப் புதுக் கோடு போட்டுப் பார்த்தோம்.